கடைசி டப்பா பால்பவுடர்

அந்த மனிதரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அந்தமானின் லாங் ஐலண்டில் நான் சமைக்கும் விடுதிக்கு மெயின்லாண்டிலிருந்து வந்து தங்கியிருந்தார். ஓய்வு பெற்றவர், தமிழர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எதிரியின் கப்பல்களையும் பாலங்களையும் ரயில் பாதைகளையும் குண்டு போட்டு உடைத்ததில் எவ்வளவு பலன் கிடைத்தது என்று புத்தகம் எழுதுகிறாராம். என் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தத் தீவுகளின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். அவர் இருந்திருந்தால் இந்த ஆளைப் பார்த்ததுமே துரை என்று எழுந்து நின்றிருப்பார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பேச வேறு ஆள் இல்லாததால் சாப்பிடும்போது என்னிடம் பேசுவார். சாம்பார் கிண்ணம்தான் எதிரியின் முகாம், உப்பு ஜாடிதான் சரக்குக் கப்பல். நடுவே கரண்டியைக் குறுக்காகப் போட்டுவிட்டு, பாதையை அடைத்தாயிற்று, இனி முகாமில் இருப்பவன் பட்டினி கிடந்து கையைத் தூக்குவான் என்பார். மேசையைத் துடைக்க வேண்டியவள் நான். எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தேன். அந்தப் போரில் இந்தத் தீவுகள் ஜப்பான் படையிடம் இருந்தன. அவர்களுக்கு வந்த சரக்குக் கப்பல்களைக் கடலில் மூழ்கடித்தபோது முதலில் பட்டினி கிடந்தது படைக்காரர்கள் அல்ல, ஊர்க்காரர்கள். இருந்த நெல்லையும் கிழங்கையும் படை பிடுங்கித் தின்றது. இங்கே பழைய குடும்பங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் பொறுமையாகச் சிரித்தார்.

"அது வேற விஷயம்மா. எதிரிக்குச் சரக்கு போய்ச் சேந்துச்சா இல்லையா, அதான் கேள்வி."

மறுநாள் காற்று பிடித்துக்கொண்டது. கடல் கொந்தளித்ததில் படகுகளை நிறுத்திவிட்டார்கள். நான்கு நாட்கள் எதுவும் வரவில்லை. இரண்டாம் நாள் காய்கறி தீர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் விடுதியில் பால்பவுடரும் தீர்ந்து, அவருக்குப் பிளேன்டீ கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, போர்ட் பிளேரில் இருக்கும் எங்கள் முதலாளிக்குப் போன் போட்டார். அடுத்த நிமிடம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கடையில் ஒரு டப்பாவாவது இருக்குமாம், உடனே வாங்கிவர வேண்டுமாம்.

இருந்தது. மேல் தட்டில் ஒரே ஒரு டப்பா. என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கென்று கடைக்காரர் எடுத்துவைத்திருந்தார். அவளுடைய ஒரு வயதுக் குழந்தைக்கு அந்தப் பவுடர் பால்தான்.

"தீதி, ஏ பச்சீ கா ஹை," என்றார். குழந்தையுடையது என்று அவர் இந்தியில் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. முதலாளி சொல்லி அனுப்பினார் என்றேன். அந்தக் கடைக்குச் சரக்கு ஏற்றிவருவதே முதலாளியின் படகுதான். அவர் டப்பாவை இறக்கிக் கொடுத்தார். நான் படியிறங்கும்போது அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். என் கையைப் பார்த்தாள். நான் நிற்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணம் சொன்னால் பொய்.

அன்று பகல் முழுக்கக் குழந்தை அழுதது சமையலறை வரை கேட்டது. கஞ்சித் தண்ணீர் கொடுத்திருக்கிறாள், வயிற்றால் போயிருக்கிறது. விடுதி விருந்தினர் மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டே, யார் பிள்ளையை இப்படி அழவிடுவது என்று சலித்துக்கொண்டார்.

"பாதைய அடச்சாச்சு சார்," என்றேன். "முகாம்ல டீ இருக்கு. ஊருக்குள்ளதான் பால் இல்ல."

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு டீயைக் குடித்து முடித்தார். அந்த டம்ளரைப் பிடுங்கி வெளியே வீச வேண்டும்போல் இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஐந்தாம் நாள் படகு வந்தது, அவர் கிளம்பினார். வந்த சரக்கில் முதல் டப்பாவை நானே வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். குழந்தை தேறியிருந்தது. அவள் என்னையும் டப்பாவையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம், இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் பேசமாட்டேன்.

அறையைப் பெருக்கப் போனபோது, தங்கியவர்கள் கருத்து எழுதும் விடுதிப் புத்தகம் திறந்து கிடந்தது. அழகான கையெழுத்தில் தமிழில் எழுதியிருந்தார்: "நான்கு நாட்கள் படகு இல்லை. ஆனாலும் இந்தத் தீவில் எதற்கும் தட்டுப்பாடு ஏற்படவில்லை." அவருடைய பெரிய புத்தகத்தையும் இந்தக் கண்ணை வைத்துத்தானே எழுதப்போகிறார்.

பேனா அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே நான் எழுதினேன்: "தட்டுப்பாடு பக்கத்து வீட்டில் இருந்தது. குழந்தையின் பாலை வாங்கி வந்து இவருக்கு டீ போட்டவள் நான்."

முதலாளிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது.