துவைக்காத ஏப்ரன்

தெருவில் அவளுக்குப் பளிச்சக்கா என்று பெயர். வீட்டிலேயே கடை வைத்திருக்கும் லாண்டிரிக்காரி. மைக் கறையோ எண்ணெய்க் கறையோ, அவள் கைக்குப் போனால் இருந்த இடம் தெரியாது. கறை மட்டுமல்ல, துணியில் மனித வாசனை இருந்தாலே அவளுக்கு ஆகாது. ஒரு துண்டில் யாராவது முகம் துடைத்தால் அடுத்த நிமிஷம் அது வாளியில் ஊறும். கணவர் சட்டையின் ஒரு கையைக் கழற்றும்போதே மறு கையைப் பிடித்து இழுக்கிற ஜாதி.

இப்படி ஊர் அழுக்கையெல்லாம் வென்றவளுக்கு ஒரே ஒரு தோல்வி இருந்தது. அது தினமும் மாலையில், வீட்டு வாசலில் நடந்தது.

கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். நாள் முழுவதும் பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது என்று தெரியாதவர்களின் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, சட்டை நனைய நனைய வேர்த்துவிட்டு வீடு திரும்புவார். அந்த டப்பா கார் தெருமுனையில் முனகினால் போதும், பளிச்சக்காவின் மடியில் இருந்த தலை எழுந்துவிடும். நீ யார், எந்த ஊர் என்பது போல அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொட்டலம் வாசலுக்கு ஓடும்.

பொட்டலம் அவர்கள் வீட்டு லேப்ரடார். பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் எழுதிய சான்றிதழோடு வந்த பெண் நாய். அந்தக் காகிதத்தில் அதற்கு ராஜகுமாரி மாதிரி நீளமாக ஒரு பெயர் இருந்தது. துண்டில் சுற்றி மடியில் வைத்து எடுத்து வந்ததால் முதல் நாளே பொட்டலம் ஆகிவிட்டது. சோறு வைப்பது, உண்ணி எடுப்பது, காது துடைப்பது, மாத்திரையை மறைத்து ஊட்டுவது எல்லாம் பளிச்சக்கா. கொஞ்சல் மட்டும் கணவருக்கு. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனில் கூப்பிட்டாலும், "அம்மா, பொட்டலம் என்ன பண்ணுது?" என்றுதான் ஆரம்பிப்பான். அம்மா என்ன பண்ணுகிறாள் என்பது அதற்கப்புறம், ஞாபகம் வந்தால்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. துணி தேய்க்கும் அறை மாடியில். பகலில் பாதி நேரம் அவள் அங்கேதான். பொட்டலம் படிக்கட்டின் அடியில் வந்து நிற்கும். முன்னங்காலை முதல் படியில் வைக்கும். மேலே பார்த்து வாலை ஆட்டும். பிறகு திரும்பிப் போய்விடும்.

"மகாராணி மாடி ஏற மாட்டாங்களாம். திமிர்" என்று அவள் இஸ்திரிப்பெட்டியை ஓங்கி அழுத்துவாள். யார் சட்டையோ பாவம், அன்றைக்கு மொடமொடவென்று போகும்.

இதற்கெல்லாம் ஒரே வழிதான் என்று அவளுக்குத் தோன்றியது. பொட்டலம் குட்டி போட வேண்டும். அதில் ஒரு குட்டியை அவள் எடுத்துக்கொள்வாள். கண் திறக்கும்போதே அவள் முகத்தைப் பார்க்கிற குட்டி. கார் வந்தாலும் லாரி வந்தாலும் அவள் மடியை விட்டு அசையாத குட்டி.

"இத்தனை வம்சத்தோட வந்த நாய், அதோட முடிஞ்சு போகணுமா?" என்று கணவரிடம் நியாயம் பேசினாள்.

"வம்சம் கெடக்குது. பிரசவத்துல அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஊர்ல எந்த நாயும் குட்டி போடறதில்லையா?"

"அதுங்க வேற, இது வேற."

அந்த 'இது' என்ற சொல்லில் அவர் குரல் குழைந்த குழைவில் பளிச்சக்காவுக்கு உள்ளே பற்றிக்கொண்டது. கல்யாணம் ஆன புதிதில்கூட அவளிடம் அப்படி ஒரு குரல் வந்ததில்லை. ஒற்றைக்காலில் நின்றாள். சாப்பாட்டுத் தட்டை டக்கென்று வைத்தாள், கேட்டதற்கு ம் என்றாள். கடைசியில் அவர், "என்னவோ பண்ணு. டாக்டர் சரின்னா எனக்கும் சரி" என்று இறங்கி வந்தார்.

பேக்கரிக்காரரிடம் நல்ல ஆண் லேப்ரடார் இருந்தது. அவர் ஏற்கெனவே இரண்டு தடவை குட்டி எடுத்துப் பழக்கப்பட்டவர். வந்து பொட்டலத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல களை அக்கா. ஆனா இடுப்பு மூட்டை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருங்க. இந்த ஜாதிக்கு அங்கதான் கோளாறு வரும், குட்டிக்கும் இறங்கும். என் பையனுக்கு எடுத்தாச்சு, சுத்தமா இருக்கு."

"எடுத்துரலாம்."

"அப்புறம் இப்பவே ஒரு பெரிய பெட்டி செஞ்சு பழக்குங்க. அதுல நீங்க கட்டின துணி ஒண்ணைத் துவைக்காம போடுங்க. உங்க வாசம் இருந்தாத்தான் பயப்படாம போய்ப் படுக்கும்."

அவர் போனதும் பளிச்சக்கா துணி தேடினாள். பீரோவில் தேடினாள், கொடியில் தேடினாள், வாளியில் தேடினாள். நைட்டி, தலையணை உறை, கைக்குட்டை, எல்லாவற்றிலும் குப்பென்று சோப்பு வாசனை அடித்தது. வீட்டில் எந்த மூலையிலும் அவள் வாசனை இல்லை. தன் வீட்டில் தானே குடியில்லாதது போல ஒரு திகைப்பு வந்தது.

கடைசியாகப் பொட்டலத்தின் மெத்தையை உதறினாள். அடியிலிருந்து கணவரின் நீலச் சட்டை விழுந்தது. காலரில் கறுப்பு, அக்குளில் மஞ்சள். எத்தனை மாதமாகத் தண்ணீர் காணாத சட்டையோ, மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை. அந்தச் சட்டை தொலைந்துவிட்டது என்று அவரே சொல்லியிருந்தார். அவளும் நம்பி, கடையில் வந்த மூட்டையெல்லாம் கொட்டித் தேடியிருந்தாள்.

மாலையில் அவர் வீட்டுக்குள் காலைக்கூட எடுத்து வைக்கவில்லை, சட்டை முகத்துக்கு நேரே நீண்டது.

"இது எப்படி அதுக்கடியில போச்சு?"

அவர் திருட்டு முழி முழித்தார். "நான் இல்லாதப்ப அது ஏங்கிப் போகுதேன்னு..."

"நான் இருக்கறப்ப எதுக்கு ஏங்கணும்?"

பொட்டலம் எழுந்து வந்து, அவள் கையிலிருந்த சட்டையைப் பதமாக வாயில் கவ்வி, திரும்ப மெத்தைக்கே கொண்டுபோனது. பளிச்சக்கா அன்றைக்கு யாரோடும் பேசவில்லை. நாயோடும் பேசவில்லை.

எக்ஸ்ரேக்கு மயக்க ஊசி போட்டார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் குச்சியால் காட்டினார்.

"இங்க பாருங்க. இந்த எலும்பு அந்தக் குழிக்குள்ள நல்லா உக்காரணும். உக்காரல, நழுவுது. ரெண்டு பக்கமும். ஓட்டத்துல அவ்வளவா தெரியாது. படி ஏறும்போதுதான் தெரியும். முதல் படியில காலை வெச்சுட்டுத் திரும்பிப் போயிருமே, பாத்திருக்கீங்களா?"

பளிச்சக்கா மேஜைமேல் கிடந்த பொட்டலத்தைத் திரும்பிப் பார்த்தாள். பாத்திருக்கீங்களா என்றால், தினமும் பார்த்தாள். பார்த்து, திமிர் என்று பெயரும் வைத்தாள்.

"ஏறணும்னு ஆசைதான் இருக்கும். வலிக்கும், அதான்" என்றார் டாக்டரம்மா.

"குட்டி?" என்று கேட்டார் கணவர்.

"வயித்துல பாரம் ஏறினா இது இன்னும் மோசமாகும். குட்டிகளுக்கும் இது வரலாம், வராமலும் இருக்கலாம். என்னைக் கேட்டா வேண்டாம்பேன். ஆனா நாய் உங்களோடது, முடிவும் உங்களோடது."

கணவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. வராமலும் இருக்கலாம் என்ற சொல்லை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மடியை விட்டு அசையாத அந்தக் குட்டி கண்ணுக்குள் இன்னும் படுத்துத்தான் இருந்தது. அதை இறக்கி விடுவது லேசாக இல்லை.

மேஜைமேல் பொட்டலம் மயக்கம் தெளிந்து எழப் பார்த்தது. முன்கால்கள் நின்றன, பின்கால்கள் வழுக்கின. கணவர் பாய்ந்து பிடித்தார். அது அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. அந்த நேரத்திலும் அவளுக்கு எரிந்தது. எரிந்துகொண்டே, பின்னங்கால்களுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள்.

"வேண்டாம் டாக்டர். இனி குட்டியே தங்காதபடி ஆபரேஷன் பண்ணிருங்க" என்றாள்.

பேக்கரிக்காரருக்கு அவளே சொன்னாள். குட்டிக்காகச் செய்து வைத்திருந்த பெட்டியைப் பிரித்துப் பலகையை அடுக்கி வைத்தாள். மறுநாள் இரண்டு பேரை வரவழைத்து, தேய்க்கும் மேஜையை மாடியிலிருந்து இறக்கிக் கூடத்தில் போட்டாள். கணவர் ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு முட்டி வலி" என்றாள்.

அதன்பிறகு அவள் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள். ஆவியிலும் வேர்வையிலும் ஊறிய தன் ஏப்ரனைத் துவைக்காமல் வைத்திருந்தாள். கடைக்கு ஆள் வந்தால் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவளுக்கே குமட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கட்டினாள். நன்றாக நாற ஆரம்பித்ததும், யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துவிட்டு, மெத்தையில் விரித்தாள். பொட்டலம் மோந்தது. விட்டு விட்டு, ஒவ்வொரு மூலையாக, நெடுநேரம் மோந்தது. பிறகு அதன்மேல் மூக்கைப் புதைத்துப் படுத்து, பெருமூச்சு விட்டது. பளிச்சக்கா கையில் இஸ்திரிப்பெட்டியோடு நின்றவள் ஒரு காலரைத் தீய்த்துவிட்டாள்.

மாலையில் தெருமுனையில் கார் முனகியது. பொட்டலம் எழுந்தது, வாசலுக்குத்தான் ஓடியது. ஆனால் பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, ஏப்ரனை வாயில் கவ்விக்கொண்டு போனது.

அவர் குனிந்து அதை வாங்கிப் பார்த்தார். முகர்ந்தார். மூக்கைச் சுளித்தார். "என்ன இது, உன் ஏப்ரன் இப்படி நாறுது? துவைக்கலையா?"

"கறை போகல" என்றாள், தேய்ப்பதை நிறுத்தாமல்.

அவர் மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார்.

"அப்ப என் சட்டை எங்க?"

"பீரோவுல இருக்கு. ரெண்டு தண்ணி போட்டு அலசி, தேய்ச்சு, மடிச்சு வெச்சிருக்கேன். புதுசு மாதிரி இருக்கு, போட்டுப் பாருங்க."

அவர் முகம் தொங்கிப் போனதைப் பளிச்சக்கா கண் குளிரப் பார்த்தாள். பொட்டலம் அவர் கையிலிருந்து ஏப்ரனைப் பிடுங்கிக்கொண்டு, மேஜைக்கு அடியில், அவள் காலடியில் வந்து படுத்தது.