பத்மினி அக்கா மொழிபெயர்க்காமல் விட்ட சொல்

செவ்வாய்க்கிழமை காலை லண்டன் லூயிஷாம் ஸ்டேஷனில் நின்றபோது பத்மினி அக்காவின் மகள் அழைத்தார். "அம்மா விடியற்காலைல போயிட்டாங்க, ஆன்ட்டி." நான் ஏற வேண்டிய ரயில் வந்து, நின்று, போய்விட்டது.

அகதி விண்ணப்ப விசாரணைகளில் நாங்கள் இருவரும் மொழிபெயர்ப்பாளர்கள். நான் தமிழுக்கு, அவர் இந்திக்கு. டெல்லியில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர். அரை மணி முன்னரே வந்து, தண்ணீர்ப் போத்தலையும் இரண்டு பேனைகளையும் மேசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். விண்ணப்பதாரர் அழுதால் அவரும் குரலை இறக்கிக்கொள்வார். ஆனால் ஒரு சொல்லையும் விடமாட்டார்.

ஒரு சொல்லை விட்டார். ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் வட இந்திய இளைஞர் ஒருவர் நேர்காணலில், தன் அண்ணனுக்கு "என்கவுன்டர் ஹோ கயா" என்றார். அண்ணனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றுவிட்டது என்பதுதான் இந்தியில் அதன் பொருள். ஆங்கிலத்திலோ அது வெறும் சந்திப்பு. ஆங்கிலச் சொல்தானே என்று அக்கா அதை அப்படியே சொல்லிவிட்டார். அண்ணன் பொலிஸைச் சந்தித்தார் என்று எழுதிக்கொண்ட அதிகாரி, அதன் பிறகு அவர் எங்கே போனார் என்று கேட்டார். இளைஞர் கண்களை மூடிக்கொண்டார். அன்று காலை ஏதோ விளக்கப் போய் அதிகாரியிடம் ஏற்கனவே பேச்சு வாங்கியிருந்த அக்கா அந்தப் பிழையைத் திருத்தவில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்தக் கடிதத்தை வாசித்துச் சொல்ல இளைஞரின் வழக்கறிஞர் அக்காவையே அழைத்தார். பொலிஸைச் சந்தித்ததாக முதலில் சொன்ன அண்ணனை பின்னர் தந்த வாக்குமூலத்தில் கொல்லப்பட்டவர் என்கிறார், விண்ணப்பதாரர் நம்பத்தக்கவர் அல்ல என்றிருந்தது. அக்கா பாதியில் நிறுத்தி, பிழை தன்னுடையது என்று இளைஞரிடம் சொன்னார்.

அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார்.

"எனக்கு அந்த வார்த்தை தெரியும், மாலா. தெரிஞ்சும் விட்டுட்டேன்."

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைதானே, அக்கா."

"அதை அந்தப் பையன்கிட்ட போய்ச் சொல்ல முடியுமா?"

மேன்முறையீட்டில் அவரே சாட்சி சொன்னார். வேலை தந்த நிறுவனம் அதன்பின் அவரை அழைக்கவில்லை. நீதிபதி அக்காவை நம்பினார். இளைஞர் சொன்ன மற்றவற்றை நம்பவில்லை. இளைஞர் திருப்பி அனுப்பப்பட்டார். வழக்கறிஞரிடம் வாரந்தோறும் அக்கா விசாரித்தார். விமானத்திலிருந்து இறங்கிய பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சில மாதங்களில் வழக்கறிஞரும் போனை எடுப்பதை விட்டுவிட்டார்.

சென்ற மாதம் புற்றுநோய் மூளைக்குப் பரவியதும் அக்காவிடமிருந்து முதலில் ஆங்கிலமும் பிறகு தமிழும் போயின. இந்தி மட்டும் மிஞ்சியது. மகளுக்கும் எனக்கும் அது தெரியாது. கடைசியாக நான் பார்த்த அன்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதையோ திரும்பத் திரும்பக் கேட்டார். என்ன கேட்கிறார் என்று தாதி என்னிடம் கேட்டார். எனக்கு விளங்கவில்லை என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.

மன்னித்துக்கொள்ளுங்கள், அக்கா. போய்வாருங்கள்.