மோந்து பார்க்காமல் விட்ட ஒரு பாட்டில்

லியாகத் அலி பாய் திருவாரூரில் ஒரு டாக்டரிடம் பதினாறு வருஷம் மருந்து கலக்கிவிட்டு, கூத்தாநல்லூர் கடைத்தெருவில் சொந்தமாக மருந்துக்கடை போட்டவர். அப்போதெல்லாம் தண்ணி மருந்துக்கு நாம்தான் பாட்டில் கொண்டுபோகணும். பாய் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மூக்கில் வைத்து மோந்து பார்ப்பார், தக்கையையும் விடமாட்டார். பிறகு ஸ்டவ்வில் கொதிக்கிற தண்ணியை ஊற்றி ரெண்டு தரம் கழுவுவார். டாக்டர் சீட்டை வாய்விட்டுப் படிப்பார். வேளைக்கு எவ்வளவு என்று காகிதத்தைப் பல்லுப் பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டுவார். வண்டி கட்டிக்கொண்டு வருகிற மிராசுதாருக்கும் இதே கதைதான். "பாய், ரயிலுக்கு நேரமாச்சு" என்றால், "ரயில் நாளைக்கும் வரும், நீங்க வரணுமே" என்பார்.

அந்த மனுஷன் ஒரே ஒரு நாள்தான் மோந்து பார்க்காமல் விட்டார். அதற்குக் காரணம் நான்.

ஆட்சி மாறி மூணாவது வருஷம். குறுவை அறுப்புக்குக் கூலி நெல் கூடக் கேட்டு நாங்கள் அரிவாளைக் கீழே வைத்துப் பன்னிரண்டு நாளாச்சு. பண்ணை வெளியூர் ஆளை இறக்கி எங்கள் தெருவை அடிக்கப்போகிறது என்று பேச்சு. அந்த நேரம் பார்த்து என் மகள் அமிர்தத்துக்குக் காய்ச்சல். நாலு வயசுப் பிள்ளை. வீட்டில் பாட்டில் இல்லை. வாய்க்கால் கரையில் தக்கையோடு கிடந்த ஒரு பழுப்புப் பாட்டிலை மண் போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு, மதியத்துக்கு மேல் கடைக்குப் போனேன்.

பாய் அதை மூக்குக்குக் கொண்டுபோனார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பசி வேறு.

"ஏன் பாய், எங்க தெருப் பாட்டில்னா நாறுதா? பண்ணைப் பாட்டில்னா மணக்குதா?"

கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாய் முகம் செத்துப்போச்சு.

"அப்படி இல்ல முருகையா..." என்றவர், மோக்காமல் கழுவாமல் மருந்தை ஊற்றினார். என் தக்கையை மேஜையில் போட்டுவிட்டுப் புதுத் தக்கை அடைத்தார். "கஞ்சி குடிச்சப்புறம் ஒரு வேளை குடு. வெறும் வயித்துல வேணாம்."

நான் ஜெயித்த மாதிரி நடந்து வந்தேன்.

பொழுது சாயும்போது தெருமுனையில் "வந்துட்டானுவ!" என்று சத்தம். கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். வரப்பில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒருத்தர் விழுந்தடித்து வருகிறார். எங்கள் சங்கத்து வைரக்கண்ணு அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பார்த்தால் பாய். மூச்சு இரைக்கிறது, பேச்சு வரவில்லை.

"பண்ணை என்ன சொல்லி அனுப்பிச்சான்? சொல்லுய்யா!"

"கடைக்காரனுவ பூரா அவன் பக்கந்தான்!"

நானும் சும்மா இல்லை. "அப்ப மோக்க வந்தது பத்தாதுன்னு இப்ப வேவு பாக்க வந்தீங்களா பாய்?"

அவர் மடியிலிருந்து எதையோ எடுத்து என் மூக்கில் அழுத்தினார். என் தக்கை. பூச்சிமருந்து வாடை.

"குடுத்துட்டியா?" அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயில் வந்தது.

கம்பு எங்கே விழுந்ததோ தெரியாது. என் வீட்டுக்குப் பதினெட்டு வீடு தாண்டணும். ஓடுகிறேன், கால் நகர்கிற மாதிரி இல்லை. என் பெண்சாதி அம்சம் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவள். அந்தக் குணத்தை நினைத்துத்தான் செத்தேன். ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் அவள் கரண்டியைச் சாய்க்கிறது கண்ணில் தெரிந்தது.

பிள்ளை சுருண்டு கிடந்தாள். தலைமாட்டில் பாட்டில், பக்கத்தில் கரண்டி.

"குடுத்தியா? குடுத்தியாடி?"

"எப்படிக் குடுக்கறது?" என்று சீறினாள் அம்சம். "கஞ்சி குடிச்சப்புறம்னு சொன்னீங்க. அரிசி எங்க இருக்கு? மூணு வீட்ல கேட்டு இப்பத்தான் ஒரு பிடி நொய் போட்டிருக்கேன். வேக வேணாமா?"

அடுப்பில் பானை இன்னும் கொதிக்கவில்லை.

பின்னால் வந்த பாய் வாசலிலேயே குந்திவிட்டார். "மேஜையைத் துடைக்கறப்பதான் தக்கை கையில வந்துச்சு" என்றார். "தப்பு என்னுது முருகையா. நீ சொன்ன ஒரு வார்த்தைக்கு வெக்கப்பட்டுட்டேன்." பாட்டிலை வாய்க்கால் பக்கம் கொண்டுபோக விடவில்லை. மேட்டில் குழி தோண்டச் சொல்லி, மண் மூடுகிறவரை கூடவே நின்றார்.

விடிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்சம் துலக்கிக் கொடுத்த எண்ணெய்ப் பாட்டிலோடு கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். பாய் கையை நீட்டத் தயங்கினார். நானே தக்கையைப் பிடுங்கி அவர் மூக்குக்கு நேராகப் பாட்டிலைப் பிடித்தேன்.

"மோந்து பாருங்க பாய். நல்லா மோந்து பாருங்க."

மூணு தரம் மோந்தார். தக்கையையும் விடவில்லை.