டிராயரில் கிடந்த மனு

அத்தான் முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மெயின் சுவிட்சை அணைத்தாயிற்றா என்று மூன்று தடவை பார்க்காமல் எந்தப் பெட்டியையும் திறந்ததில்லை. ஓய்வு பெற்ற கையோடு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வந்தார். வீட்டில் இருக்கிற பழைய இரும்பு போதாதா என்று என் அக்கா கேட்டாள். அவருக்குக் கிடைத்ததெல்லாம் பாட்டில் மூடி, துருப்பிடித்த சாவி, ஒரே ஒரு முறை யாரோ தொலைத்த மோதிரம். அதையும் உரியவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். தோண்டிய குழியை மூடி, பெயர்த்த புல்லை அதே இடத்தில் வைத்து, காலால் அழுத்திவிட்டுத்தான் நகர்வார்.

அப்படிப்பட்டவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பொது மைதானத்தில் தேட அனுமதி கேட்டு மனு எழுதிக்கொண்டு வந்தார். நகராட்சி அலுவலகத்தில் அந்த மனுக்களை வாங்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நான். மனு வந்தால் பழைய வரைபடத்தைத் தேடி எடுக்க வேண்டும், குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும், மேலே இருப்பவர்கள் நாலு கேள்வி கேட்பார்கள். எனக்குச் சோம்பல். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

"பொது இடம்தானே அத்தான், யாரு கேக்கப் போறாங்க? நீங்க பாட்டுக்குத் தோண்டுங்க" என்று சொல்லி மனுவை டிராயருக்குள் போட்டேன். அவர் தயங்கினார். மூணு தடவை பாக்க இது என்ன லிஃப்ட்டா என்று கிண்டல் செய்து அனுப்பிவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. கூரை ஒழுகி நனைந்துபோன வரைபடங்களை மேஜையில் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதற்குப் பின்னால் மைதானம் முழுக்கச் சிவப்புக் கோடுகள். ஓரத்தில், பழைய ராணுவப் பயிற்சித் திடல், வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இருக்கலாம், தோண்டக் கூடாது என்று எழுதியிருந்தது.

அத்தானுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. டிடெக்டரின் ஹெட்போனை மாட்டிவிட்டால் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. அக்காவைக் கூப்பிட்டேன். நேற்று அங்கே டிடெக்டர் பெரிதாகச் சத்தம் போட்டதாம், அதைத் தோண்டக் காலையிலேயே போய்விட்டார் என்றாள். ஏன் கேட்கிறேன் என்று அவளிடம் சொல்லாமலே போனை வைத்தேன். வெடிகுண்டு அகற்றுகிறவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

மைதானத்தின் நடுவில் மண்டியிட்டிருந்தார். கை முழங்கை வரை குழிக்குள் இருந்தது. ஓடினால் தரை அதிருமோ என்று பயம். மெதுவாகப் போனால் அதற்குள் மண்ணைக் கிளறும் கரண்டியால் ஒரு குத்து குத்திவிடுவாரோ என்றும் பயம். பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு, தள்ளியே சுற்றிப்போய் அவர் கண்ணுக்கு நேராக நின்று இரண்டு கைகளையும் தூக்கினேன். நிமிர்ந்து பார்த்து ஹெட்போனைக் கழற்றினார்.

"அத்தான், கரண்டிய அப்படியே விட்டுட்டு எழுந்து வாங்க. எதையும் தொடாதீங்க."

பார்த்த வேலைதான் அவரைக் காப்பாற்றியது. கையை எடு என்றால் ஏன் என்று கேட்காமல் எடுக்கிற பழக்கம். மெல்ல எழுந்து, போன தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வந்தார்.

வெடிகுண்டு அகற்றுகிறவர்கள் வந்து சாலையை அடைத்து, இரண்டு மணி நேரம் கழித்து அதை எடுத்துக்கொண்டு, குழியைச் சுற்றிலும் சோதித்துவிட்டுப் போனார்கள். கையளவு நீளமான துருப்பிடித்த குண்டு. கரண்டி அதன் மூக்கின் மேலேயே கிடந்ததாம். அதற்குள் அக்காவும் வந்துவிட்டாள், என் மேலதிகாரியும் வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டுத் தோண்டினீங்க?" என்று குழி ஓரத்தில் நின்று கேட்டார் அதிகாரி.

அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரையும் கேக்கல சார். தப்பு என்னோடதுதான்."

அக்கா அவருடைய மண் படிந்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தம்பி அங்கேயேதானே உக்காந்திருக்கான். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நீங்க?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அவர் என்னைத் தாண்டிப்போய்த் தோண்டிய குழியை மூடுவதற்குக் குனிந்தார்.

"கேட்டாரு, அக்கா" என்றேன். "எழுதியே குடுத்தாரு. என் டிராயர்லதான் கிடக்கு."