பிரேக்கை யாரும் மிதித்துப் பார்க்கவில்லை

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் பயிற்சிப் பிரிவுத் தலைவராக நான் இருந்தபோது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் தேசப்பன் மீது உள்விசாரணை நடந்தது. பாரம் ஏற்றிய வண்டி சரிவில் நிற்காமல் போய், ஒரு தொழிலாளியின் கால் எலும்பு முறிந்திருந்தது. தவறு ஓட்டுநருடையது என்று முடிவானால் தேசப்பனுக்கு வேலை போய்விடும். விசாரணைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன்.

“பிரேக்க மிதிச்சேன் சார், புடிக்கல. எத்தினி தபா சொல்றது?” என்றார் தேசப்பன்.

நிர்வாகம் அழைத்து வந்திருந்த உளவியல் ஆலோசகர் புன்னகைத்தார். “அவர் பொய் சொல்லல சார். பயத்துல மனசு தனக்குச் சாதகமா ஒரு நினைவை உண்டாக்கிக்கும். அறிவுன்னு நாம சொல்றதே மனசு கட்டிக்கிறதுதான்.”

மற்ற உறுப்பினர்கள் தலையசைத்தார்கள்.

நான் கல்லூரியில் உளவியலை முறையாகப் படித்தவன். நினைவு புகைப்படம் அன்று என்பதை அதே கிடங்கில் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன். சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்கும் வழக்கம் அங்கே வந்ததே அந்தப் பாடத்தால்தான். அக்கொள்கையின் பயனை எனக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால், விபத்தின்போது தேசப்பன் போனில் பேசிக்கொண்டிருந்தார் என்று கிடங்கின் சூப்பர்வைசர் சொன்னது மட்டும் எந்தக் கேள்வியும் இன்றி ஏற்கப்பட்டிருந்தது. ஓட்டுநரின் மனம் கதை கட்டும், சூப்பர்வைசரின் மனம் கட்டாதா? இதைக் கேட்டேவிட்டேன்.

“உங்க தலைமுறைக்குப் புதுக் கருத்துன்னா ஒரு தடுப்பு இருக்கும் சார். அதுவும் மனசோட வேலைதான்” என்றார் ஆலோசகர்.

“அப்படின்னா உங்க கருத்தும் உங்க மனசோட வேலைதானே? அதை மட்டும் நாங்க ஏன் உண்மைன்னு ஒத்துக்கணும்?”

தேசப்பன் குறுக்கிட்டார்: “டாக்டரு என் மண்டையத்தான் கயட்டிப் பாத்துகினு கீறாரு. வண்டிய ஒருத்தரும் கயட்டல சார்.”

உண்மை. விபத்து நடந்த நாள் முதல் வண்டி ஷெட்டில் பூட்டிக் கிடந்தது. மனத்தை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிட்ட பிறகு இரும்பை யார் பார்ப்பார்கள்!

மெக்கானிக்கை வரவழைத்தேன். காலி வண்டி சரிவில் ஒழுங்காக நின்றது. ஆலோசகரின் புன்னகை திரும்பியது. ஆள் நடமாட்டத்தை நிறுத்தி, அதே பாரத்தை ஏற்றச் சொன்னேன். இம்முறை மெக்கானிக் மிதித்தும் வண்டி நில்லாமல் போய், கீழே அடுக்கியிருந்த மணல் மூட்டைகளில் முட்டியது. சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் லைனிங் எண்ணெயில் ஊறி, பிடிப்பில்லாமல் கிடந்தது.

அதன் பிறகும், “சந்தேகத்தின் பலனை அளித்து” தேசப்பனை விடுவிப்பதாக உத்தரவு தயாரானது. எவருக்கு, எதில் சந்தேகம்? நான் ஒப்பமிட மறுத்தேன். “பிரேக் பழுது, ஓட்டுநர் மீது குற்றமில்லை” என்று மாற்றிய பின்னரே என் கையெழுத்து அதில் விழுந்தது.

விசாரணைக்கு அமரும் இளைய அதிகாரிகளுக்குச் சொல்கிறேன். ஒருவர் ஏன் ஒன்றை நம்புகிறார் என்பதை உளவியல் சொல்லட்டும், மரியாதையுடன் கேளுங்கள். பிரேக் பிடித்ததா என்பதை மட்டும் பிரேக்கிடம் கேளுங்கள்.