நாதஸ்வர கேசட்டின் மறுபக்கம்

என் பீரோவின் கீழ்த்தட்டில், பட்டுச் சேலைகளுக்கு அடியில், ஒரு கேசட் கிடக்கிறது. 'மங்கல இசை, நாதஸ்வரம்' என்று மேலே அச்சடித்திருக்கும். விளிம்பில் உள்ள பள்ளத்தில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, அதன்மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கும். கடையில் வாங்கிய கேசட்டில் நம் குரலைப் பதிய அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்த தந்திரம்தான் அது. மறுபக்கத்துக் காகிதத்தில் சிவப்பு மையால் குறுக்கே ஒரே ஒரு கோடு. போன மாதம் பீரோவை ஒழிக்கும்போது என் மருமகள் அதைக் கையில் எடுத்து, "இதப் போட்டுக் கேக்க வீட்டுல மிஷினே கிடையாதே அத்தை, குப்பையில போட்டிரவா?" என்று கேட்டாள். "போட்டேன்னா தெரியும் சேதி" என்று பாய்ந்தேன். பாவம், அவள் பயந்துபோனாள். அந்தக் கோடு போட்ட பக்கத்தில் நாதஸ்வரம் கிடையாது, எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரின் குரல் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தமிழ், அவர் கணக்கு. இருவருக்கும் வீடு ஜங்ஷன் பக்கம். தினமும் ஒரே பஸ்ஸில் ஆற்றுப்பாலம் தாண்டிப் போவோம். வகுப்பில் எந்தப் பிள்ளையாவது "தெரியல டீச்சர்" என்று சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "தெரியலங்கது ஒரு விடையா? எதுவரைக்கும் தெரியும்? அங்கன இருந்து சொல்லு" என்பார். அந்தக் குரல் அடுத்த வகுப்பில் நான் நடத்தும் செய்யுளை எத்தனையோ தடவை முழுங்கியிருக்கிறது. எரிச்சலாக வரும். ஆனால் பிள்ளைகள் அவரிடம்தான் கணக்குப் படித்தார்கள்.

அவர் கணவருக்குப் பம்பாயில் வேலை. ஆற்றங்கரைச் சந்து ஒன்றில் மாமியாரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள். ஒரு கார்த்திகை மாதக் காலையில் தாமிரபரணி கரையை மீறித் தெருவுக்குள் வந்துவிட்டது. எதிரே உள்ள மாடிவீட்டுக்குப் போய்விடலாம் என்று இருவரும் இறங்கியிருக்கிறார்கள். நடுத்தெருவிலேயே தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. டீச்சர் இடது கையால் கரண்ட் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, வலது கையால் மாமியாரைப் பிடித்திருந்தார். வேரோடு சாய்ந்து மிதந்து வந்த ஒரு முருங்கை மரம் அந்த அம்மாள்மீது மோதியது. அதோடு பிடி போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகுதான் அந்த அம்மாளின் உடல் கிடைத்தது. டீச்சரைத் தெருப் பையன்கள் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தபோது அவருடைய வலது தோள்பட்டை இறங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் அதை ஏற்றிக் கட்டினார்கள்.

துக்க வீட்டில் நாத்தனார்மார் ஒப்பாரியோடு ஒப்பாரியாக, "எங்கம்மா கைய விட்டுட்டியே மதினி" என்று அழுதார்கள். துக்கத்தில் சொன்னது என்று விட்டுவிடலாம். ஊர் விட வேண்டுமே! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சொல்லி வைத்த ஊர் அல்லவா? மருமகள் மாமியார் கையை விட்டாள் என்றால் அதற்கு எத்தனை கண், எத்தனை மூக்கு! எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட எரிச்சல், யாராவது கேட்டால் டீச்சரே, "ஆமா, நான்தான் கைய விட்டுட்டேன்" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவருக்குக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் ஆகாது. குடம் நிறைய நிறைய முகம் வெளுக்கும். நாற்காலியில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் உட்காருவார். ஒருநாள் வலுக்கட்டாயமாகப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். பாலம் கண்ணில் பட்டதும் ஓடுகிற வண்டியில் இருந்து இறங்கப் பார்த்தார். கண்டக்டர் விசிலடித்து நிறுத்தினார். பாலத்தைத் தாண்டாமல் பள்ளிக்கூடம் ஏது? விடுப்புக்கு மேல் விடுப்பு. கடைசியில் தாளாளர் சொல்லியனுப்பினார், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது வரவேண்டும், முடியாவிட்டால் மரியாதையாக ராஜினாமா எழுதித் தரவேண்டும் என்று. அந்த வேலை போனால் டீச்சருக்கு மிஞ்சுவது அந்தச் சந்தும் அந்தச் சொல்லும்தான்.

வந்தவர்கள் எல்லாம் யோசனை சொன்னார்கள். மறந்திரு என்றார்கள். மறப்பது என்ன, குடையா, பஸ்ஸில் விட்டுவிட்டு வர? நாத்தனார்களில் மூத்தவள், "குலசை அம்மன் கோயில் தசராவுக்கு வேஷம் கட்டுதேன்னு நேர்ந்துக்கோங்க மதினி, எல்லாம் சரியாயிரும்" என்றாள். டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணும் இல்லாத மாதிரி தினமும் வேஷம் கட்டிக்கிட்டுத்தான இருக்கேன், இன்னும் எத்தனை வேஷம்ளா கட்ட?" என்று கேட்டார். வெள்ளத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கு மாடியில், மனநல டாக்டர் ஒருவர் சாயங்காலம் உட்காருகிறார் என்று கேள்விப்பட்டு நான்தான் கூட்டிப்போனேன். பாலம் தாண்ட வேண்டாத திசை. பைத்தியக்கார டாக்டர் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். கீழே இரும்பைக் கடையும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தித்தான் பேசுவார். "நடந்தது ஒண்ணு. நடந்ததப் பத்தி நீங்க உங்களுக்கே சொல்லிக்கிடுத வாக்கியம் வேற ஒண்ணு. நடந்தத மாத்த முடியாது. வாக்கியம் சரியான்னு பாத்துரலாம்" என்றார். சும்மா இருந்தால் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் காலையை, இப்போது கண்ணெதிரே நடப்பதுபோல, முதலில் இருந்து சொல்லச் சொன்னார். அதை ஒரு கேசட்டில் பதிந்து, தினமும் கேட்கச் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டு நான் டாக்டரிடம் சண்டைக்கே போனேன். "வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சச் சொல்லுதீங்களே, நல்லாருக்கா?" அவர் கோபிக்கவில்லை. "புண்ணு மூடிக் கிடக்கு டீச்சர், உள்ள சீழ் இருக்கு" என்றார்.

டீச்சர் வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. என் வீட்டில் இருந்தது, கேசட்தான் இல்லை. என் கல்யாணத்துக்கு வாங்கிய நாதஸ்வரம் அகப்பட்டது. அதன் மறுபக்கத்தில் பதிந்தோம். பள்ளி விடும் நேரத்துக்குப் பிறகு தினமும் என் அடுக்களைக்கு வருவார். நான் அவரைக்காய் நறுக்குவேன், அவர் தன் குரலையே கேட்டுக்கொண்டிருப்பார். முதல் தடவை சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க அழுதார். நிறுத்திவிடலாம் என்று போனேன், கையைத் தட்டிவிட்டார். அவர் பேச்சு முடிந்ததும், அழியாமல் பாக்கி இருந்த நாதஸ்வரம் திடீரென்று கெட்டிமேளத்தோடு பொங்கி வந்தது. இருவரும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு அவர் விழுந்து விழுந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நாள் போகப் போக நடுக்கம் குறைந்தது. கேட்டுக் கேட்டு அலுப்புக்கூட வந்துவிட்டது. அப்போதுதான் டாக்டர் ஒரு கேள்வி போட்டார். "ஒரு இடத்துல 'கை விட்டுட்டு'ங்கீங்க. கொஞ்சம் தள்ளி 'கைய விட்டுட்டேன்'ங்கீங்க. ரெண்டும் ஒண்ணா?" எனக்குச் சுரீரென்றது. தமிழ் வாத்தியாரம்மா என்று பேர், எனக்குத் தோன்றவில்லையே! எங்கள் பக்கத்துப் பேச்சில் 'கை விட்டுட்டு' என்றால் பிடி தானாக விட்டுப்போயிற்று என்று பொருள். 'கைய விட்டுட்டேன்' என்றால் விட்டவள் நான். எழுவாயே வேறு. "ரெண்டுல எது நடந்துச்சு? சாட்சியோட சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

டீச்சர் அதை ஒரு தேற்றம்போல எடுத்துக்கொண்டார். நான் விட்டேன் என்பதை நிரூபித்துக்காட்டுகிறேன் என்றுதான் தொடங்கினார். விரலைத் தளர்த்திய ஞாபகம் உண்டா? இல்லை. விட நினைத்தது உண்டா? இல்லை. "அப்ப எதுவரைக்கும் தெரியும்?" என்று நான் கேட்டேன், அவர் பிள்ளைகளிடம் கேட்கும் அதே ராகத்தில். முறைத்தார். மறுபடியும் கேசட்டை ஓடவிட்டார். முருங்கை மரம் வந்து மோதியது. "தோள்ல பிடுங்குன மாதிரி ஒரு வலி" என்றது கேசட். அவர் சட்டென்று நிறுத்தினார். தன் வலது தோளை இடக்கையால் பிடித்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "டீச்சர், விட்டவளுக்குத் தோள் எறங்குமா?" என்று கேட்டார். அரிவாள்மணையை மடக்கிவிட்டு எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டேன்.

அதனால் பயம் மறுநாளே பறந்துவிடவில்லை. பயம் ஏறும், ஏறினாலும் தானாக இறங்கும், இறங்கும்வரை எண்ணிக்கொண்டே நகராமல் நிற்கவேண்டும் என்பது டாக்டர் கட்டளை. முதலில் பாலம் தெரியும் இடம், பிறகு பாலத்தின் முனை, பிறகு நடுப்பாலம். கோடை முழுக்க நின்றோம். வியர்த்து ஒழுகும், கைப்பிடிச் சுவரைப் பிடித்த விரல் வெளுத்துப்போகும். நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வாயெடுத்தால், "பேசாம நில்லுங்க டீச்சர், எண்ணிக்கை விட்டுப்போவுது" என்பார். கீழே ஆறு, ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி, பாறைக்கு இடையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அதை எட்டிப்பார்த்து, "ஏலே, நீதான் பிடுங்குன. எம்மேல பழியப் போடாத" என்றார். பக்கத்தில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பள்ளி திறந்த அன்று பஸ்ஸில் பாலம் தாண்டி வந்தார். தாளாளர் அவரை வகுப்புக்கு அனுப்பவில்லை. மனநிலை சரியில்லாதவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது என்று நூலகத்தில் உட்காரவைத்தார். பூட்டிய அலமாரிகளுக்குக் காவல்! ஆசிரியர் அறையில் யாரும் அவரிடம் நேரே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஆண்டு விழாவில்தான் அது நடந்தது. மைக்செட்டு அண்ணாச்சியின் நாதஸ்வர கேசட் சிக்கிக்கொண்டதாம். மனிதர் நேரே என் வீட்டுக்குப் போய்க் கேட்க, என் வீட்டுக்காரர், கர்ண மகாராஜா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். மேடையில் தாளாளர், மைதானம் நிறையப் பெற்றோர். குழாய் ஒலிபெருக்கி கரகரத்தது. மங்கல இசைக்குப் பதிலாக, "தண்ணி நெஞ்சுக்கு வந்துட்டு. அத்தை கையப் பிடிச்சிருக்கேன்" என்று டீச்சரின் குரல் ஊருக்கே கேட்டது. மைக்செட்டை நோக்கி ஓடினேன். டீச்சர் எனக்கு முன்னால் போய்விட்டார். அண்ணாச்சி பதறிப்போய்ப் பொத்தானைத் தேட, "இருக்கட்டும் அண்ணாச்சி, ஓடட்டும்" என்றார்.

ஓடியது. "நான்தான் கைய விட்டுட்டேன்" என்ற இடம் வந்ததும் அவரே நிறுத்தினார். மைக்கை வாங்கினார்.

"இது என் குரல்தான். கடைசி வரி தப்பு, திருத்திக்கிடுங்க. நான் கைய விடல. கை விட்டுட்டு. அன்னைக்கு என் தோள் எறங்கிப் போச்சு. விட்டவளுக்குத் தோள் எறங்காது, விடாமப் பிடிச்சவளுக்குத்தான் எறங்கும். இனி யாரும் எம் முதுகுக்குப் பின்னால பேச வேண்டாம். கேக்கணும்னா முன்னால வந்து கேளுங்க, சொல்லுதேன்."

அண்ணாச்சி கேசட்டைத் திருப்பிப் போட்டார். கெட்டிமேளம் முழங்கியது. பிள்ளைகள்தான் முதலில் கைதட்டினார்கள். தாளாளர் மேடையில் இருந்து இறங்கிவந்து, "டீச்சர், விழாவுல போயி இதெல்லாம்..." என்று இழுத்தார். "ஐயா, பத்தாம் வகுப்புக்கு நாளைக்கு எனக்குச் சாக்பீஸ் வேணும்" என்றார் இவர். மறுநாள் என் செய்யுளை முழுங்க அடுத்த வகுப்பில் இருந்து அந்தக் குரல் வந்தது. அன்று எனக்கு எரிச்சலே வரவில்லை.

இப்போது ஓய்வுபெற்று வள்ளியூரில் கணவரோடு இருக்கிறார். மழை வலுத்தால் இன்னும் காலைத் தூக்கிவைத்துக்கொள்வேன் என்று போனில் சொல்லுவார், சொல்லிவிட்டுச் சிரிப்பார். நடந்ததையெல்லாம் மருமகளுக்குச் சொல்லி முடித்தபோது அவள் கேட்டாள், "அந்த வரி தப்புன்னா அப்பவே அழிச்சிருக்கலாமே அத்தை?" விழா முடிந்த அன்றிரவே நானும் டீச்சரிடம் இதைத்தான் கேட்டேன். அவர் கைப்பையில் இருந்து விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து, கேசட்டின் மறுபக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து என் கையில் கொடுத்தார். "தப்பாப் போட்ட கணக்க அழிக்கப்பிடாது டீச்சர். ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு, கீழ சரியாப் போடணும். அப்பத்தான் திருத்துனது யாருன்னு தெரியும்."