வாழை விளை மண்

செல்வதாஸ் எழுதிக் கொடுத்த காகிதத்தில் தப்பு இருக்கும் என்று திருவட்டாறு பக்கத்து அந்த ஊரில் யாரும் நினைத்ததில்லை. ரப்பர் பால் வெட்டிப் பிழைத்தவர்; உழவர் குழுவின் செயலாளர். மனுவோ விண்ணப்பமோ, ஊரார் அவரிடம்தான் வருவார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் பரிசோதனைக்காக ஊராரின் தோட்ட நிலங்களான நாற்பது விளைகளில் மண் எடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. இருபத்தெட்டு விளைகளில் ஒழுங்காகத் தோண்டினார். அதன்பின் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் பைகளை ஒப்படைக்க வேண்டும், முட்டுவலி வேறு. மீதிப் பன்னிரண்டு பைகளிலும் தன் வீட்டு வாழை விளை மண்ணையே அள்ளிப் போட்டு, மற்றவர்கள் பெயரை எழுதி ஒட்டினார். எல்லாம் ஒரே ஊர் மண்தானே என்றுதான் அன்று தோன்றியது.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று தங்கபாயுடையது. கணவன் இறந்த பிறகு ஒரு பசுவை வைத்துக் குடும்பம் நடத்துகிறவள். அவளுடையது சரளைக்கல் மேடு. ஆனால் பரிசோதனை முடிந்து வந்த மண் அட்டையில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அதிகம் என்று இருந்தது. அது செல்வதாஸ் வருடந்தோறும் தன் வாழைக்கு எலும்புத்தூள் போட்டதன் பலன். தங்கபாய் அட்டையை நம்பித் தீவனப்புல்லுக்கு யூரியா மட்டும் போட்டாள். புல் இடுப்பளவு வளர்ந்து நின்றது.

அதைத் தின்றும் பசு மெலிந்தது. சுவரை நக்கியது, நாய் போட்ட எலும்பைக் கவ்விக் கடித்தது. கன்று போட்ட மூன்றாம் வாரம் அதற்குக் காப்பி நிறத்தில் மூத்திரம் போயிற்று.

கால்நடை மருத்துவர் அஞ்சலி வந்தபோது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் செல்வதாஸ்தான்.

“எலும்பு கடிக்குமா?” என்று அஞ்சலி கேட்டார்.

“கடிக்கும் டாக்டரே. அடிச்சாலும் விடாது” என்றாள் தங்கபாய்.

“அப்போ மணிச்சத்துக் குறைவா இருக்கலாம். மண்ணுல இல்லைன்னா புல்லுலயும் இருக்காது. மண் அட்டை இருக்கா?”

தங்கபாய் ஓடிப்போய் எடுத்து வந்தாள். அஞ்சலி அதை இரண்டு முறை படித்தார். “அதிகம்னு போட்டிருக்கே. அப்போ உண்ணிக்காய்ச்சலா இருக்கும். அதுக்கும் இப்படிப் போகும். ரத்தம் எடுத்து அனுப்புறேன். இப்போ அதுக்கு ஊசி போடுறேன்.”

சொல்லிவிடலாம் என்று செல்வதாஸ் வாயெடுத்தார். தங்கபாய் அவரைப் பார்த்து, “அண்ணன் இருக்கியதுனாலதான் எனக்கு ஒரு தைரியம்” என்றாள். அவர் ஊசி போட வசதியாகப் பசுவின் தலையைத் திருப்பிப் பிடித்தார்.

மறுநாள் காலையில் பசு எழுந்திருக்கவில்லை. செல்வதாஸ் நேராக மருத்துவமனைக்குப் போய் அஞ்சலியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அஞ்சலி உடனே மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். மணிச்சத்து ஊசி போட்டும் பலனில்லை. உச்சிப்பொழுதுக்குள் பசு செத்துப்போனது.

தொழுவத்தில் வைத்தே செல்வதாஸ் தங்கபாயிடம் சொன்னார். “அட்டையில உள்ளது உன் மண்ணு இல்ல தங்கபாயி. நான் என் விளையில வாரிப் போட்டேன். நேத்தே சொல்லியிருந்தா பொழச்சிருக்கும்.”

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். “இல்லாதத தேடித்தான் எலும்ப கடிச்சிருக்கு. நான் கம்ப எடுத்து அடிச்சேனே” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் ஊரார் முன் நின்று சொன்னார். செயலாளர் பொறுப்பை விட்டார். ஏமாற்றிய ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி மண் எடுக்க மண்வெட்டியோடு போனார். பதினொரு வீட்டார் வழிவிட்டார்கள்; அவர்களில் இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசவில்லை.

கடைசியாகத் தங்கபாயின் விளை. அவர் தோண்டத் தொடங்கியதும் அவள் வந்து பையை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

“நீரு தோண்டும். நான் வாரிப் போடுகேன். பேரும் நானே எழுதுகேன்.”

செல்வதாஸ் குனிந்து தோண்டினார்.